சுப்பர்மான்: வீரனின் உருமாற்றமும் உடைமையுறவும்

வெகுசனக் கலைவடிவங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கு உரியனவா என்ற வினா இன்றும் சிலரால் எழுப்பப்படுவதுண்டு. காவியமும் நாடகமும் நாவலுமே ஆய்வுக்குத் தகுதியுடையன. சிறுவர் கையிற் கிழிந்துபோகும் சித்திரக்கதைகளுக்கு அத்தகுதி இல்லை என்பது இவ்வினாவின் உட்கிடையாகும். ஆனால் ஒரு சமூகத்தின் மிகப் பெருந்தொகையினர் நாள்தோறும் நுகரும் புனைவுகளை ஒதுக்கிவிட்டு அச்சமூகத்தின் கருத்துநிலையை விளக்க முற்படுதல் அரைகுறை முயற்சியாகவே முடியும். வாய்மொழிப் பாடல்களிலிருந்து வீரயுகத்தின் சமூக உறவுகளை அறிந்துகொள்ள முடியுமெனின், அச்சியந்திரமும் கூலியுழைப்பும் உருவாக்கிய வீரர்களிலிருந்து முதலாளித்துவ யுகத்தின் உறவுகளையும் அறிந்துகொள்ள முடியும். இவ்வகை வீரர்களுள் காலத்தால் முந்தியவனும் உலகெங்கும் அறியப்பட்டவனுமான சுப்பர்மானை இக்கட்டுரையில் நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

பிரச்சினையைச் சுருக்கமாகக் கூறலாம். கிளீவ்லண்ட் நகரைச் சேர்ந்த இரு இளைஞர் தம் வீட்டிலிருந்து வரைந்தும் எழுதியும் உருவாக்கிய இப்பாத்திரம், 1938 இல் முதன்முதலாக அச்சேறியபோது ஆயுத வியாபாரியையும் சுரங்க முதலாளியையும் தன் பகைவராகக் கொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்குள் அப்பகைவர் மறைந்தனர். வங்கிக் கொள்ளையரும் உலகை ஆளத் துடிக்கும் விஞ்ஞானிகளும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டனர். இம்மாற்றம் ஏன் நிகழ்ந்தது?

இத்தாலிய அறிஞர் உம்பேர்ட்டோ எக்கோ 1962 இல் சுப்பர்மான் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. மலைகளைப் பெயர்க்கவும் பஞ்சத்தைப் போக்கவும் வல்லமை படைத்த ஒருவன் தன் ஆற்றல் முழுவதையும் ஒரு சிறு நகரத்துத் திருடர்களைப் பிடிப்பதில் ஏன் செலவிடுகின்றான் என எக்கோ வினவினார். இக்கதைகளிலே தீமை என்பது தனியார் சொத்துக்கு இழைக்கப்படும் தீங்காகவும், நன்மை என்பது தருமம் செய்வதாகவும் மட்டுமே தோன்றுகின்றன என்றும், வீரனிடம் குடிமைப் பிரக்ஞை உண்டேயன்றி அரசியற் பிரக்ஞை இல்லை என்றும் அவர் காட்டினார். இம்முடிவு பெரிதும் ஏற்புடையதே. ஆயினும், எக்கோ இதனைக் கதையின் அமைப்பிலேயே உள்ளார்ந்த ஒன்றாக விளக்கினார். எமது கருத்தில், அவர் கண்டது ஐம்பதுகளின் பிற்கூற்றிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் நிலவிய சுப்பர்மானையே. அமைப்பு எனத் தோன்றுவது ஒரு வரலாற்றின் விளைவு. அவ்வரலாற்றின் மையத்தில் இருப்பது, இவ்வீரன் யாருடைய உடைமை என்ற வினாவாகும்.

பாணுக்கு நின்றோர் வரிசையிலிருந்து

ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் ஆகிய இருவரும் 1914 இற் பிறந்தவர்கள். குடியேறிய யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சீகலின் பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து வந்தவர்கள். தந்தையார் கிளீவ்லண்டில் ஒரு சிறு உடுபுடவைக் கடை நடத்தினார். 1932 இல் அக்கடையில் நிகழ்ந்த கொள்ளையின்போது அவர் மாரடைப்பால் இறந்தார். ஷுஸ்டர் கனடாவின் ரொறன்ரோ நகரிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் தையற்காரர். குடும்பம் கிளீவ்லண்டிற் குடியேறிய பின், கிளென்வில் உயர்தரப் பாடசாலையில் இருவரும் நண்பர்களாயினர். ஒருவர் எழுதினார், மற்றவர் வரைந்தார். ஓவியத்தாள் வாங்கப் பணமில்லாத காலங்களில் ஷுஸ்டர் சுவரொட்டுத் தாளின் பின்புறத்திலும் இறைச்சிக்கடைப் பழுப்புத் தாளிலும் வரைந்தார். கைவினைஞன், சிறுவணிகன் என்னும் படித்தரத்திலிருந்து கூலியுழைப்பாளனாகச் சரிந்துகொண்டிருந்த ஒரு குட்டிமுதலாளித்துவப் பகுதியின் பிள்ளைகள் இவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1929 இல் வெடித்த பொருளாதார நெருக்கடி ஒஹாயோவின் உருக்காலை நகரங்களைக் கடுமையாகத் தாக்கியது. அச்சூழலில் இவ்விளைஞர்கள் விஞ்ஞானப் புனைகதைக்கெனத் தாமே ஒரு றோனியோப் பத்திரிகையை வெளியிட்டனர். 1933 ஜனவரி இதழில் 'சுப்பர்மானின் ஆட்சி' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு கதை வந்தது. சீகல் புனைபெயரில் எழுதிய அக்கதைக்கு ஷுஸ்டர் படம் வரைந்தார். சுப்பர்மான் என்னும் பெயர் முதன்முதல் இவர்களது கையில் இடம்பெற்றது இக்கதையிலேயே.

இக்கதையின் நாயகன் பிற்கால வீரனுக்கு முற்றிலும் மாறானவன். பாணுக்கு வரிசையில் நிற்கும் வேலையற்ற ஒருவனை ஒரு விஞ்ஞானி உணவும் புதிய உடையும் காட்டி அழைத்துச் செல்கின்றான். விண்கல்லொன்றிலிருந்து பெற்ற மருந்தை அவனறியாமற் கொடுக்கின்றான். பிறர் மனத்தை அறியவும் அடக்கவும் வல்ல ஆற்றல் பெற்ற அம்மனிதன் விஞ்ஞானியைக் கொன்று, உலகை ஆளும் வேட்கையில் நாடுகளிடையே போர் மூட்ட முற்படுகின்றான். மருந்தின் வலு தீர்ந்ததும் மீண்டும் பாண் வரிசைக்கே திரும்புகின்றான். ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மாதமும் 1933 ஜனவரியே. நீட்சேயிடமிருந்து பிறந்து, பேர்னாட் ஷோவின் 1903 ஆம் ஆண்டு நாடகத் தலைப்பின் மூலம் ஆங்கிலத்திற் பரவலான 'அதிமானிடன்' என்ற சொல், இவ்விளைஞரின் முதற் பயன்பாட்டில் அச்சந் தரும் சொல்லாகவே இருந்தது. பசித்தவனுக்குத் தனியாகக் கிடைக்கும் அதிகாரம் அவனைக் கொடுங்கோலனாக்கும் என்ற எச்சரிக்கை அக்கதையில் உண்டு. அப்பிரக்ஞை பின்னர் மறைந்தது. ஆனால் கதையின் தொடக்கமும் முடிவும் பாண் வரிசையாக அமைந்தமை இப்பாத்திரத்தின் சமூக ஊற்றினைத் தெளிவாக்குகின்றது.

அதே ஆண்டிலே சுப்பர்மானை நன்மையின் பக்கம் நிற்பவனாக மாற்றி ஒரு படக்கதை தயாரிக்கப்பட்டது. வெளியீட்டாளர் கைவிட்டதும் மனமுடைந்த ஷுஸ்டர் அதன் பக்கங்களை எரித்தார். அட்டைப்படம் மட்டும் எஞ்சியது. அடுத்த சில ஆண்டுகளில் இன்று உலகறிந்த அம்சங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அழிந்த கோளிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தை, ஒட்டிய உடையும் மேலங்கியும், மூக்குக்கண்ணாடி அணிந்த பத்திரிகை நிருபர் கிளார்க் கென்ற் என்னும் மறுவேடம் என்பன அவை. பத்திரிகைகளுக்குச் சித்திரக்கதை வழங்கும் நிறுவனங்கள் பல இதனைத் திருப்பியனுப்பின.

ஒடுக்கப்பட்டோரின் காவலன்

1938 ஏப்ரலில், யூன் மாதத் திகதியிட்டு, 'அக்ஷன் கொமிக்ஸ்' என்னும் புதிய சஞ்சிகையின் முதலிதழ் பத்துச் சத விலையில் விற்பனைக்கு வந்தது. பத்திரிகைகளுக்கென வரைந்து வைத்திருந்த பட்டிகளை வெட்டி ஒட்டி, பதின்மூன்று பக்கங்களாக அமைத்த கதையே சுப்பர்மானின் முதற் கதையாகும். அதன் முதற்பக்கம் வீரனை ஒடுக்கப்பட்டோரின் காவலனாக அறிமுகப்படுத்துகின்றது. கதையிலே அவன் செய்யும் காரியங்களை நோக்குவோம். குற்றமற்ற ஒரு பெண்ணை மரண தண்டனையிலிருந்து காப்பதற்காக ஆளுநரின் வீட்டுக் கதவை உடைத்துச் செல்கின்றான். மனைவியை அடிக்கும் ஒருவனைத் தண்டிக்கின்றான். இறுதியில் செனற்றர் ஒருவரை விலைக்கு வாங்கிய தரகனைத் தூக்கிச் சென்று அச்சுறுத்துகின்றான். அடுத்த இதழில் ஓர் ஆயுத உற்பத்தியாளன் தான் மூட்டிய போரிலேயே படைவீரனாகச் சேருமாறு நிர்ப்பந்திக்கப்படுகின்றான். எதிரெதிர்ப் படைத்தலைவர் இருவரையும் சுப்பர்மான் நேருக்கு நேர் நிறுத்தும்போது, எதற்காகப் போரிடுகின்றனர் என்பது அவ்விருவருக்குமே தெரியவில்லை.

மூன்றாம் இதழ், சுரங்கமொன்றின் பாதுகாப்பின்மையைப் பொருட்படுத்தாத முதலாளியைப் பற்றியது. சுரங்கத் தொழிலாளியாக வேடமிட்ட சுப்பர்மான், முதலாளியையும் அவனது செல்வந்த விருந்தினரையும் சுரங்கத்தினுள் அகப்படச் செய்கின்றான். 1939 ஜனவரியில் வந்த எட்டாம் இதழ் மேலும் ஒரு படி செல்கின்றது. இளைஞரைக் குற்றவாளிகளாக்குவது சேரி வாழ்க்கையே என முடிவு செய்த வீரன் சேரியின் வீடுகளை இடித்துத் தள்ளுகின்றான். அவனைத் தாக்கப் படையினரும் குண்டுவீச்சு விமானங்களும் வருகின்றன. இடிபாட்டின் மீது அரசு புதிய குடியிருப்புகளைக் கட்டுகின்றது. 1939 மே மாதக் கதையில், தரங்குறைந்த உலோகத்தாற் கார்களைச் செய்து மக்களின் சாவுக்குக் காரணமான தொழிற்சாலையை அவன் தகர்க்கின்றான்.

இக்கதைகள் றூஸ்வெல்ற்றின் 'புதிய ஏற்பாடு' என்னும் சீர்திருத்தத் திட்டத்தின் சூழலில் எழுந்தவை. பொது வீடமைப்புக்கான சட்டம் 1937 இல் நிறைவேற்றப்பட்டது; மறு ஆண்டின் இறுதிக்குள் சுப்பர்மான் சேரியை இடிக்கின்றான். அரசு தயங்கித் தயங்கிச் செய்ய முற்பட்டதை ஒரே இரவில் செய்து முடிக்கும் பொறுமையிழந்த கரமாக இவ்வீரன் தோன்றுகின்றான்.

முற்போக்கு வாசகர் இவ்விடத்தில் இவனது எல்லைகளையும் காணுதல் வேண்டும். சுரங்கக் கதையிலே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்வதில்லை, சங்கம் அமைப்பதுமில்லை. முதலாளியின் மனமாற்றமே தீர்வாகின்றது. அமெரிக்கத் தொழிலாளர் தொழிற்சாலைகளைக் கைப்பற்றி உள்ளிருப்புப் போராட்டங்கள் நடத்திய காலம் அது. 1936-37 இல் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரில் மோட்டார்த் தொழிலாளர் நடத்திய போராட்டம் உலகறிந்தது. எனினும் வர்க்கத்தின் கூட்டுச்செயல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தனிமனிதனின் தசைவலிமையே இக்கதைகளில் இருக்கின்றது. குட்டிமுதலாளித்துவத் தீவிரவாதத்தின் பலமும் பலவீனமும் இதுவே. அது பகைவனைச் சரியாக இனங்காண்கின்றது; பகைவனை வெல்லும் சக்தியை இனங்காணத் தவறுகின்றது.

நூற்றுமுப்பது டொலர்

முதற் கதை அச்சேறும் முன்னரே அதன் விதி தீர்மானிக்கப்பட்டுவிட்டது. 1938 மார்ச் முதலாந் திகதி சீகலும் ஷுஸ்டரும் கையொப்பமிட்ட பத்திரத்தின்படி, பக்கமொன்றுக்குப் பத்து டொலர் வீதம் பதின்மூன்று பக்கங்களுக்கு நூற்றுமுப்பது டொலர் பெற்று, பாத்திரத்தின் மீதான உரிமை அனைத்தையும் 'டிடெக்டிவ் கொமிக்ஸ்' நிறுவனத்துக்கு நிரந்தரமாகக் கொடுத்தனர். இது புறநடையான சூழ்ச்சியன்று. அன்றைய சித்திரக்கதைத் தொழிலின் வழமையான உற்பத்தி உறவே இது. எழுத்தாளனும் ஓவியனும் பக்கக் கூலிக்கு வேலை செய்வோர். உருவாவது அனைத்தும் கம்பனியின் சொத்து.

இதன்பின் அவர்கள் உடனே வறுமையுற்றனர் எனக் கருதுதல் தவறு. தொடர்ந்து பக்கக் கூலியாகக் கணிசமான வருமானம் கிடைத்தது. கேள்வி பெருகவே ஷுஸ்டர் கிளீவ்லண்டில் ஒரு கலைக்கூடம் அமைத்து உதவி ஓவியர்களைக் கூலிக்கு அமர்த்தினார். கைவினைஞர் சிறு தொழில் நடத்துநராக மாறினார். ஆனால் உற்பத்திப் பொருளின் மீது அவருக்கு எவ்வுரிமையும் இருக்கவில்லை. அவரது கண்பார்வையும் மங்கிவந்தது.

உரிமை கைமாறியது 1938 மார்ச்சிலெனின், அதே கம்பனி சுரங்க முதலாளிக்கும் ஆயுத வியாபாரிக்கும் எதிரான கதைகளை ஏன் வெளியிட்டது என்ற நியாயமான வினா எழலாம். விடை, விற்கப்பட்ட பண்டத்தின் தன்மை மாறியதிலேயே தங்கியுள்ளது. தொடக்கத்தில் விற்கப்பட்டது கதை. பத்துச் சதம் கொடுத்து வாங்கியோர் நெருக்கடிக் காலத்துச் சிறுவர். அக்கதைகள் அவர்களுக்குப் பிடித்திருந்தன. அவ்வளவே கம்பனிக்குப் போதுமானதாயிருந்தது. 1939 இல் நிலைமை மாறியது. ஜனவரியிலிருந்து நாளிதழ்களிற் சித்திரத் தொடர் வெளியாயிற்று. அதே ஆண்டில் வீரனின் பெயரையும் உருவத்தையும் பிற உற்பத்தியாளருக்கு அனுமதிப்பத்திர அடிப்படையில் விற்பதற்கெனத் தனிக் கம்பனி நிறுவப்பட்டது. 1940 பெப்ரவரியில் வானொலித் தொடர் ஆரம்பமாயிற்று. இப்போது விற்கப்பட்டது கதையன்று, வியாபாரக் குறி. விளையாட்டுப் பொருளையும் உணவுப்பண்டத்தையும் விற்கும் முகம், எந்த முதலாளியையும் பகைக்க இயலாது.

புறத்திலிருந்தும் நெருக்குதல் வந்தது. 1940 மே மாதத்தில் சிக்காகோ நாளேடொன்றில் ஸ்ரேர்லிங் நோர்த் என்பவர் சித்திரக்கதைகளைத் தேசிய அவமானம் எனக் கண்டித்து எழுதினார். பெற்றோரின் அச்சத்தைத் தணிக்க நிறுவனம் 1941 இல் கல்விமான்களைக் கொண்ட ஆலோசனைக் குழுவொன்றை அமைத்தது. வீரன் கொல்லலாகாது, சட்டத்துக்குப் புறம்பாக நடக்கலாகாது என்ற நெறிகள் ஆசிரியபீடத்தில் வகுக்கப்பட்டன. இதே காலப்பகுதியிற்றான் பகைவரின் சமூக முகம் மாறுகின்றது. 1939 யூன் மாதத்தில் முதலாவது பித்த விஞ்ஞானி தோன்றுகின்றான். 1940 ஏப்ரலில் லெக்ஸ் லூதர் வருகின்றான். கொடுமை இனிமேல் உற்பத்தி முறையிலிருந்து பிறப்பதில்லை; ஒரு தனிமனிதனின் மூளைக் கோளாற்றிலிருந்து பிறக்கின்றது.

வீரனின் உடற்றிறனும் இக்காலத்தில் வளர்ந்தது. 1938 இல் அவன் எட்டிலொரு மைல் தூரம் தாவுவான், புகையிரதத்தை முந்துவான், வெடிக்கும் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவன் தோலைத் துளைக்காது. அவன் பறப்பவனல்லன். ஃபிளைஷர் கலையகம் 1941 இல் அவனை அசையும் சித்திரமாக்கியபோது, ஒவ்வோரிடத்துக்கும் தாவிச் செல்வதைக் காட்டுவது கண்ணுக்கு உவப்பாயில்லை எனக் கண்டு அவனைப் பறக்கச் செய்தனர் என்பர். நியூயோர்க்கில் 1937 இல் நடந்த தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் பின் ஃபுளோரிடாவுக்கு இடம்பெயர்ந்த கலையகம் அது. வீரன் சேரியின் தரையிலிருந்து மேலெழுந்து வானத்துக்குச் சென்ற வேளையிலேயே அவனது பார்வையிலிருந்து சேரியும் மறைந்தமை நோக்கத்தக்கது.

யுத்தமும் அதன் முரண்களும்

1940 பெப்ரவரியில் 'லுக்' சஞ்சிகைக்கென வரைந்த இரு பக்கக் கதையில், சுப்பர்மான் ஹிட்லரையும் ஸ்டாலினையும் கழுத்திற் பிடித்துத் தூக்கிச் சென்று ஜெனீவாவிலுள்ள சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்துகின்றான். நாஸிகளின் எஸ்.எஸ். பிரிவு வெளியிட்ட வார ஏடு அதே ஆண்டு ஏப்ரலில் சீகலின் யூதப் பிறப்பைச் சுட்டி இழித்துரைத்தது. அமெரிக்கா போரில் இறங்கியபின் ஒரு கதைச் சிக்கல் எழுந்தது: வெல்லற்கரிய வீரன் ஏன் போரை முடித்துவைக்கவில்லை? கண் பரிசோதனையின்போது கிளார்க் கென்ற் தன் ஊடுருவும் பார்வையால் அடுத்த அறையிலிருந்த அட்டவணையை வாசித்துவிட, படைக்குத் தகுதியற்றவனாக நிராகரிக்கப்பட்டான் என 1942 இல் நாளிதழ்த் தொடர் இச்சிக்கலைத் தீர்த்தது. தேசபக்தி தன் அசிங்கமான முகத்தையும் காட்டத் தவறவில்லை. 1943 மார்ச் அட்டைப்படமொன்றில், ஜப்பானியரை இழிசொல்லாற் சுட்டி யுத்தக் கடன்பத்திரம் வாங்கத் தூண்டும் சுவரொட்டியை வீரன் அச்சிடுகின்றான். ஜப்பானிய அமெரிக்கர் அடைத்துவைக்கப்பட்ட முகாம்களை நியாயப்படுத்தும் நாளிதழ்த் தொடரும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

ஆயினும் இவ்வரலாறு நேர்கோட்டில் வீழ்ச்சியடைந்த ஒன்றன்று. பாசிசத்துக்கெதிரான போரின் முற்போக்கு அம்சம் வானொலித் தொடரில் சில காலம் உயிர்பெற்றது. 1946 இல் பதினாறு பகுதிகளாக ஒலிபரப்பான கதையொன்று, சீன வம்சாவளிக் குடும்பமொன்றைத் துன்புறுத்தும் முகமூடிக் கும்பலைப் பற்றியது. கூ குளுக்ஸ் கிளான் என்னும் வெள்ளையினவாத இயக்கமே அக்கும்பலாகச் சித்திரிக்கப்பட்டது என்பதைக் கேட்டோர் அனைவரும் அறிந்தனர். ஒரு காப்பியிலன்றி உண்மையான சமூகத்தில் நிலவிய தீமையொன்றை வீரன் மீண்டும் எதிர்த்த அரிய தருணம் அது. அடிக்கட்டுமானம் ஒவ்வொரு கதையையும் இயந்திரத்தனமாக நிர்ணயிப்பதில்லை. மக்களின் மனநிலைக்கும் உடைமையாளரின் தேவைக்கும் இடையிலான மோதலில் இத்தகைய இடைவெளிகள் தோன்றுவதுண்டு.

படைப்பாளரின் நிலையோ மோசமடைந்தது. சீகல் 1943 இற் படையிற் சேர்க்கப்பட்டார். அவர் முன்னர் முன்மொழிந்து நிறுவனத்தாற் கைவிடப்பட்ட 'சுப்பர்போய்' என்ற பாத்திரம் அவரில்லாத வேளையில் வெளியிடப்பட்டது. 1947 இல் இருவரும் வழக்குத் தொடர்ந்தனர். சுப்பர்மான் கம்பனிக்கே உரியதெனவும் சுப்பர்போய் சீகலுக்கு உரியதெனவும் நீதிமன்றம் கண்டது. 1948 இல் ஏறத்தாழ 94,000 டொலருக்கு எல்லா உரிமைக் கோரிக்கைகளும் தீர்க்கப்பட்டன. அதன்பின் கதைகளிலிருந்து அவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. உழைப்பாளி தான் படைத்த பொருளிலிருந்து அந்நியமாதல் பற்றி மார்க்ஸ் கூறியது இங்கு உவமையாகவன்றி நேர்ப்பொருளிலேயே நிகழ்ந்தது.

குளிர்யுத்தத்தின் வீரன்

எக்கோ கண்ட சுப்பர்மான் இப்பின்னணியிலேயே முழுவடிவம் பெறுகின்றான். 1952 இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர், உண்மை, நீதி என்பவற்றோடு அமெரிக்க வாழ்க்கைமுறைக்காகவும் போராடுபவனாக அவனை வாரந்தோறும் அறிமுகப்படுத்தியது. போர்க்கால வானொலியில் பிறந்த இச்சுலோகம், மக்கார்த்தியின் வேட்டைக் காலத்தில் வேறு பொருள் பெற்றது.

1954 இல் உளமருத்துவர் பிரெட்ரிக் வேர்தம் சித்திரக்கதைகளுக்கெதிரான நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் செனற் உபகுழு விசாரணை நடத்தியது. வெளியீட்டாளர் தாமே ஒரு தணிக்கை விதிக்கோவையை ஏற்படுத்தினர். வேர்தத்தை வெறும் பிற்போக்காளரெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. 1946 இல் ஹார்லமில் கறுப்பின ஏழை மக்களுக்கெனத் தாம் தொடங்கிய சிகிச்சை நிலையத்துக்கு மார்க்ஸின் மருமகன் போல் லஃபார்க்கின் பெயரைச் சூட்டியவர் அவர். அதிமானிடக் கருத்தில் பாசிசத்தின் சாயலை அவர் கண்டது காரணமற்றதன்று. ஆனால் அவரது விமரிசனத்தின் நடைமுறை விளைவு, அதிகாரத்தையும் அரசாங்க உத்தியோகத்தரையும் மதிப்புடன் காட்டுமாறு வற்புறுத்திய விதிக்கோவையாகவே முடிந்தது. செனற்றரை விலைக்கு வாங்கும் தரகன் பற்றிய 1938 ஆம் ஆண்டுக் கதை அவ்விதிகளின் கீழ் எளிதில் வெளிவந்திராது.

ஆசிரியர் மோர்ட் வைசிங்கரின் மேற்பார்வையில், 1970 வரை நீடித்த காலப்பகுதியில், வீரன் கோள்களையே நகர்த்தும் வல்லமை பெற்றான். வல்லமை பெருகப் பெருக அவன் செயலாற்றும் உலகு சுருங்கியது. 1955 இல் அவனது நாய் வந்தது. 1958 இல் பனிப்பிரதேசத்தில் தனிமைக் கோட்டையும், போத்தலுக்குள் அடைபட்ட சொந்தக் கோளின் நகரமும் வந்தன. 1959 இல் உறவினளான சுப்பர்கேர்ள் வந்தாள். ஒடுக்கப்பட்டோரின் காவலன், நினைவுச் சின்னங்கள் நிறைந்த தன் தனியார் அரும்பொருட்சாலையின் காப்பாளனானான். எக்கோ குறிப்பிட்டது போல, இக்கதைகளில் காலமே நகர்வதில்லை. எதுவும் மாறாமல் அடுத்த இதழ் புதிதாகத் தொடங்குகின்றது. நாட்டார் வழக்கிலுள்ள றொபின் ஹூட் இறக்கின்றான். இறந்தபின் மக்களுக்குச் சொந்தமாகின்றான். வியாபாரக் குறியான வீரன் மூப்படையவோ, மணமுடித்து மாறவோ, இறக்கவோ முடியாது. காலமின்மை என்பது இங்கு கதை உத்தி மாத்திரமன்று. அது உடைமையின் வடிவம்.

பொருளாதாரத் தேவையால் சீகல் இக்காலத்தில் அதே நிறுவனத்துக்குத் திரும்பி, தன் படைப்புக்கே பெயரின்றிக் கூலிக்கு எழுதினார் என்பதையும் இங்கு குறிப்பிடல் வேண்டும்.

உரிமைக்குரலும் பகைவனின் மீள்வரவும்

1975 இல் பெருஞ்செலவிலான திரைப்படத்துக்கு ஏற்பாடாகியபோது, சீகல் லொஸ் ஏஞ்சல்ஸில் எழுதுவினைஞராக இருந்தார். ஷுஸ்டர் பார்வை ஏறத்தாழ இழந்து நியூயோர்க்கில் வாழ்ந்தார். சீகல் நீண்ட கண்டன அறிக்கையொன்றைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். ஓவியர்களான நீல் அடம்ஸ், ஜெரி றொபின்சன் ஆகியோர் தொழிற்றோழரைத் திரட்டினர். பொதுமக்கள் அபிப்பிராயத்துக்கு அஞ்சிய வோர்னர் நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் வழங்கவும் பெயர்களை மீண்டும் பொறிக்கவும் இணங்கியது. சட்டத்தின் முன் தனித்தனியே தோற்றவர்கள் தொழிற்றோழரின் கூட்டு ஆதரவினால் ஓரளவு வென்றனர். இவ்வீரனின் கதைகள் ஒருபோதும் கற்பிக்காத பாடத்தை அவனது படைப்பாளரின் வாழ்க்கை கற்பித்தது. 1978 இல் வெளிவந்த அத்திரைப்படத்திற் சில காட்சிகளில் மட்டும் தோன்றிய மார்லன் பிராண்டோவுக்கு 37 இலட்சம் டொலர் வழங்கப்பட்டமை ஒப்புநோக்கற்பாலது.

றேகன் ஆட்சியின்போது, 1986 இல், ஜோன் பேர்னின் கையில் வரலாறு புதிதாக எழுதப்பட்டது. அப்போது லெக்ஸ் லூதர் பித்த விஞ்ஞானி என்ற நிலையிலிருந்து பெருநிறுவன அதிபராக மாற்றப்பட்டான். 2000 ஆம் ஆண்டுக் கதைகளில் அவன் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாகவும் தெரிவு செய்யப்படுகின்றான். அரை நூற்றாண்டின் பின் முதலாளி மீண்டும் பகைவனாகத் திரும்பியமை முக்கியமானது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 1938 இன் சுரங்க முதலாளி தன் வர்க்கத்தின் சாதாரணப் பிரதிநிதி. லூதர் விதிவிலக்கான தீயவன். முன்னையவனைச் சுப்பர்மான் சுரங்கத்தில் அடைத்தான். பின்னையவன் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்க, வீரன் அச்சட்டத்தின் எல்லையில் நின்று பார்த்திருக்கின்றான்.

1992 யூலையில் ஷுஸ்டர் இறந்தார். அவரது கடன்களைத் தீர்ப்பது பற்றி உடன்பிறந்தோர் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. நான்கு மாதங்களின் பின், நவம்பரில், சுப்பர்மானின் மரணத்தைக் கூறும் இதழ் கறுப்பு உறையில் வெளியாகி இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. மறு ஆண்டில் வீரன் உயிர்த்தெழுந்தான். சீகல் 1996 இல் இறந்தார்.

2011 இல் இரு நிகழ்வுகள். ஏப்ரலில் வெளியான 900 ஆவது இதழின் குறுங்கதையொன்றில், தெஹ்ரானில் ஆர்ப்பாட்டக்காரருடன் நின்ற சுப்பர்மான், தன் செயல் அமெரிக்கக் கொள்கையாகக் கருதப்படலாகாது எனக் கூறி அந்நாட்டுக் குடியுரிமையைத் துறப்பதாக அறிவிக்கின்றான். செப்டெம்பரில் கிறான்ற் மொறிசன் எழுதிய புதிய தொடரில், ஜீன்ஸும் பனியனும் அணிந்த வீரன் ஊழல் மிக்க செல்வந்தனொருவனை மாடியிலிருந்து அச்சுறுத்துகின்றான். அதே மாதத்தில் வோல் வீதி ஆக்கிரமிப்புப் போராட்டம் தொடங்கியது. 1938 இன் நினைவு நெருக்கடிக் காலங்களில் மீண்டெழுகின்றது. ஆனால் அது இப்போது உடைமையாளரின் அனுமதியுடன் அணியப்படும் ஓர் உடை. 2021 இல் அமெரிக்க வாழ்க்கைமுறை என்ற சொற்றொடரை நீக்கி, சிறந்த நாளை என்ற பொருளில் சுலோகத்தை மாற்றியதும் அந்த நிறுவனமே.

முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். முதலாவது, சுப்பர்மானின் கருத்துநிலை நிலையான ஒன்றன்று. பாண் வரிசையின் அச்சம், சீர்திருத்தக் காலத்தின் சினம், யுத்தகாலத் தேசபக்தி, குளிர்யுத்தத்தின் பணிவு, பெருநிறுவன யுகத்தின் இரட்டைமனம் எனப் பல படிகளை அது கடந்துள்ளது. இரண்டாவது, இப்படிமுறை வளர்ச்சியை ஆசிரியரின் உளவியலாலோ கதையமைப்பாலோ மட்டும் விளக்குதல் இயலாது. கதை என்ற பண்டம் வியாபாரக் குறி என்ற பண்டமாக மாறியதே தீர்க்கமான திருப்பமாகும். மூன்றாவது, தனிமனித மீட்பன் என்ற கருத்தே தொடக்கத்திலிருந்து இவ்வீரனைப் பலவீனப்படுத்தியது; கூட்டுச்செயலை அறியாத தீவிரவாதத்தை உடைமையாளர் தம் வசமாக்குதல் எளிது.

சீகலின் வாரிசுகள் பதிப்புரிமையை மீட்க 1997 இல் தொடங்கிய சட்ட நடவடிக்கையில் 2008 இல் ஒரு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; 2013 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001 இல் எட்டப்பட்ட உடன்பாட்டைக் காட்டி நிறுவனத்தின் பக்கம் நின்றது. நூற்றுமுப்பது டொலரை உள்ளடக்கிய பழைய காசோலை 2012 இல் 160,000 டொலருக்கு ஏலம் போனது. பத்துச் சத முதலிதழின் பிரதியொன்று 2024 இல் 60 இலட்சம் டொலருக்கு விலைபோனது. உழைப்பின் சுவடுகூட இங்கு பண்டமாகிவிட்டது.

எனினும் பதிப்புரிமைக்கு ஒரு கால எல்லை உண்டு. இன்றைய அமெரிக்கச் சட்டப்படி, 1938 இல் வெளியான முதற்கதை 2034 ஜனவரி முதலாந் திகதி பொதுவுடைமையாகும். வியாபாரக் குறிக்கு அவ்வெல்லை இல்லை. பெயரையும் சின்னத்தையும் காக்க நிறுவனம் அதனைப் பயன்படுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதலில் விடுதலை பெறப்போவது கோள்களை நகர்த்துபவனோ தனிமைக் கோட்டையின் அதிபதியோ அல்லன். செனற்றரை விலைக்கு வாங்கும் தரகனை நடுங்கச் செய்தவனே முதலில் விடுபடுகின்றான். ஆயுத வியாபாரியைப் போர்க்களத்துக்கு அனுப்பியவனும் சுரங்க முதலாளியைச் சுரங்கத்தில் அடைத்தவனும் அவனுடனேயே வருவர். அவனுக்கு இல்லாதிருந்த தோழரை அவனருகே நிறுத்துவது, அவனை இனிமேல் எழுதப்போகின்றவர்களின் பணியாகும்.